ஆறு தோட்டா, பத்துத் தோட்டா: ரிங்லெட்டில் கிடைத்த ஒரு பித்தளைக் கூடு



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு தொடங்குமுன் என்னிடம் வந்தான். கால்சட்டைப் பையிலிருந்து கறுத்துப் போன சிறு பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மழைக்கு மண்ணு சரிஞ்ச இடத்துல, தேயிலை வேருக்குக் கீழ கெடந்துச்சு ஐயா. இது என்னங்கையா?"

வாங்கிப் பார்த்தேன். ஒரு முனை திறந்திருந்தது. மறு முனை மூடியிருந்தது. அதன் விளிம்பு சற்று வெளியே நீண்டிருந்தது. அடியின் நடுவில் ஊசி குத்தியது போன்ற சிறு பள்ளம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளம். எழுத்துகள் அரித்துப் போயிருந்தன. ஆயினும் அது சுடப்பட்ட தோட்டாவின் வெறுங்கூடு என்பதில் ஐயமில்லை. விளிம்புள்ள, குட்டையான, நேரான கூடு என்பதால், அது ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கிக்கு உரியதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

"வெறுங்கூடுதான். இதிலிருந்த குண்டு எப்போதோ போய்விட்டது," என்றேன்.

அவன் விடவில்லை. "படத்துல பெரிய ரிவால்வர் வச்சிருப்பாங்களே ஐயா, மேக்னம்னு சொல்லுவாங்க. இந்தக் கூட்டுல மறுபடியும் மருந்து நெரப்பி அதுல சுடலாமா?"

அன்று அவனுக்குச் சுருக்கமாகவே விடை சொல்ல முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால் அறிவியல், அமெரிக்க வரலாறு, நமது தோட்டப்புறத்தின் துயர வரலாறு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அவற்றை நிதானமாக எழுதிவைப்பது ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரை.

கூட்டுக்குள் இருப்பவை

ஒரு முழுத் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது பித்தளைக் கூடு. இரண்டாவது, அதன் அடியில் பதித்த சிறு பற்றுமூடி. சுத்தியல் இதில் மோதும்போதுதான் நெருப்புப் பொறி பிறக்கிறது. மூன்றாவது வெடிமருந்து. நான்காவது, கூட்டின் வாயை அடைத்திருக்கும் ஈயக் குண்டு. சுட்டவுடன் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டைத் தள்ளுகிறது. பற்றுமூடி பயனற்றுப் போகிறது. கூடு மட்டும் மிஞ்சுகிறது.

நான்கிலும் விலை கூடியது இந்தக் கூடுதான். எனவே, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் துப்பாக்கி விளையாட்டாளர்கள் கூட்டைப் பொறுக்கி, துடைத்து, அளவு திருத்தி, புதிய பற்றுமூடியும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவர். கையாலேயே தோட்டா கட்டும் இவ்வழக்கம் அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பற்றுமூடி அமைப்பில் இரு வகைகள் பெயர் பெற்றவை. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அமைத்த வகை ஐரோப்பாவில் பரவியது. ஆங்கிலப் படை அதிகாரி எட்வர்ட் பாக்சர் அமைத்த வகை அமெரிக்காவில் பரவியது. பாக்சர் வகையில் அடியில் ஒரே துளை என்பதால், மெல்லிய கம்பியொன்றால் பழைய மூடியைத் தள்ளி எடுத்துவிடலாம். பெர்டன் வகையில் அது எளிதன்று. அமெரிக்காவில் மறுநிரப்பு வளர்ந்ததற்கும், பிரிட்டிஷ் படைத் தோட்டாக்களின் கூடுகள் பெரும்பாலும் ஒருமுறையோடு கழிந்ததற்கும் இந்தச் சிறு துளையும் ஒரு காரணம்.

வெடிமருந்திலும் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை கரிமருந்தே வழக்கிலிருந்தது. 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1889இல் பிரிட்டனில் ஏபலும் டூவரும் 'கார்டைட்' என்னும் இழை வடிவ மருந்தை உருவாக்கினர். இந்தக் கார்டைட்டுக்கும் தமிழ் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அரசு கார்டைட் தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. அருகிலுள்ள காட்டேரி நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அதற்குப் பயன்பட்டது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இன்றும் அது இயங்கிவருகிறது; 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது. தேயிலை மலையும் வெடிமருந்தும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த கதை நமது கேமரன் மலைக்கு மட்டும் உரியதன்று.

மேக்னம் பிறந்த கதை

புகையற்ற மருந்து மிகக் குறைந்த அளவிலேயே பெரும் ஆற்றல் தரும். ஆனால் அன்றைய ரிவால்வர் கூடுகள் பலவும் கரிமருந்துக் காலத்தின் அளவில் செய்யப்பட்டவை. பெரிய கூட்டில் சிறிதளவு மருந்து அடியில் கிடக்கும். கை தவறி இருமுறை இட்டுவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். கையால் தோட்டா கட்டுவோர் இன்றளவும் அஞ்சும் பிழை இதுவே. அவர்கள் மருந்தை நிறுக்கும் அலகுக்கு 'கிரெயின்' என்று பெயர். தானிய மணியின் எடையிலிருந்து வந்த பெயர். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர் குன்றிமணி கொண்டு பொன் நிறுத்தது போன்ற வேலை இது. பொன்னில் தவறினால் காசு போகும். மருந்தில் தவறினால் கை போகும்.

அமெரிக்காவின் எல்மர் கீத் (1899 - 1984) என்னும் பண்ணைக்காரர் இத்துறையில் பெரும் பெயர் பெற்றவர். 1925ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டு விடுதலை நாளைக் கொண்டாடச் சுட்டபோது, அவருடைய பழைய .45 ரிவால்வரின் உருளை வெடித்துச் சிதறியது. அளவுக்கு மீறிய ஆற்றலைத் தாங்க அந்த உருளையின் சுவருக்குத் தடிமன் போதவில்லை. அதன்பின் அவர் சுவர் தடித்த .44 ரிவால்வருக்கு மாறி, கனமான குண்டும் கூடுதல் மருந்துமாகப் பல ஆண்டுகள் சோதனை செய்தார்.

அதே காலத்தில் அமெரிக்கக் காவல் துறையினருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. கொள்ளையர் கார்களில் விரைந்தனர். சிலர் மார்புக் கவசமும் அணிந்தனர். காவலரின் .38 ஸ்பெஷல் தோட்டா கார்க் கதவைத் துளைக்கத் திணறியது. இதற்கு விடையாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1935இல் .357 மேக்னம் என்னும் ரிவால்வரை வெளியிட்டது. டக்ளஸ் வெஸ்ஸன், ஃபிலிப் ஷார்ப் ஆகியோரின் உழைப்பும் கீத் போன்றோரின் சோதனைகளும் அதன் பின்னணியில் இருந்தன. முதல் துப்பாக்கி அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. 'மேக்னம்' என்ற பெயர் பெரிய அளவு ஷாம்பெயின் புட்டியிலிருந்து இரவல் பெற்றது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் அதனினும் வலிய .44 மேக்னம் வந்தது. 1971இல் வெளியான 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் அதை உலகறியச் செய்தது. என் மாணவன் கண்ட 'படத்துப் பெரிய ரிவால்வர்' இந்த மரபின் வாரிசே.

அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று. மேக்னம் கூட்டை அதற்கு முந்திய .38 ஸ்பெஷல் கூட்டைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமாகச் செய்தனர். கூடுதல் மருந்துக்கு இடம் தேவை என்பதற்காக மட்டும் அவ்வாறு செய்யவில்லை. வலிய தோட்டா தவறுதலாக வலுக் குறைந்த பழைய ரிவால்வருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதே முதன்மைக் காரணம். இன்றைய தர அளவின்படி .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று 30 பவுண்டு அளவே என்பதை எண்ணிப் பாருங்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்குக் காப்பு வால்வு உண்டு. துப்பாக்கி உருளைக்கு அது இல்லை. அளவு மீறினால் உருளையே பிளக்கும்.

நம் மலைக்கு வந்த ரிவால்வர்

இனி நம் ஊருக்கு வருவோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்த இம்மலைநாட்டில், 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறி வந்தது. காடழித்துக் கன்று நட்டவர்களில் தமிழர் பெரும்பங்கினர். அந்தப் பாதையில் ஏறி வருவோர் காணும் முதல் சிறு நகரம் நமது ரிங்லெட்.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், மலைக்கு மேற்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அது நீடித்தது. தோட்டத் துரைமார் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் வெளியே இறங்கவில்லை. பங்களாக்களைச் சுற்றி மணல் மூட்டையும் முள்வேலியும் எழுந்தன. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர் படை திரட்டப்பட்டது. உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்த அப்படையில் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். கேமரன் மலைப் பகுதியிலும் சிதறி வாழ்ந்த மக்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

நம் முன்னோர் இரு துப்பாக்கிகளுக்கு இடையில் நின்றனர். இரவில் காட்டிலிருந்து வருபவன் அரிசி கேட்பான். கொடுக்க மறுத்தால் உயிருக்கு ஆபத்து. பகலில் காவலர் வந்து ஏன் கொடுத்தாய் என்று கேட்பர். கொடுத்தது உறுதியானால் சிறை. அந்த 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் உயிரிழந்தனர். என் பாட்டனார் காலைப் பெரட்டுக்கு நின்ற நாள்களைப் பற்றிப் பேசும்போது துரையின் முகத்தை விவரித்ததே இல்லை. இடுப்பில் தொங்கிய தோலுறையைத்தான் விவரிப்பார்.

அந்தத் தோலுறைக்குள் பெரும்பாலும் இருந்தது மேக்னம் அன்று. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படை, உதைப்புக் குறைவாகவும் பயிற்சிக்கு எளிதாகவும் இருக்கவேண்டும் என்று, பழைய .455 ரிவால்வரைக் கைவிட்டு .38 வகையைத் தேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில், மேக்னத்தை உருவாக்கிய அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், பிரிட்டனுக்காக இந்த மென்மையான .38 ரிவால்வர்களைப் பெருமளவில் செய்து அனுப்பியது. இதன் கூடு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளம். என் மேசைமீது கிடந்த கூட்டின் நீளமும் அதுவே.

ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். .38 தோட்டாவின் பழைய குண்டு 200 கிரெயின், அதாவது 13 கிராம். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 190 மீட்டர். இயக்க ஆற்றல் 235 ஜூல். 1935ஆம் ஆண்டின் .357 மேக்னம் குண்டு 158 கிரெயின், அதாவது 10.2 கிராம், நீண்ட குழலில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 460 மீட்டர். ஆற்றல் 1,080 ஜூல். குண்டு இலேசானது, ஆற்றலோ நான்கு மடங்குக்கும் மேல். வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது. கணிதப் பாடத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆனால் மலாயாவின் வரலாற்றில், அந்த எளிய .38 வகைத் தோட்டாக்களே மேக்னத்தைவிடப் பெரும் விளைவை உண்டாக்கின. சுட்டதால் விளைந்தவற்றை ஒருபுறம் வையுங்கள். சுடாமலேயே, பையில் இருந்ததால் மட்டுமே விளைந்தவற்றை இனிக் காண்போம்.

ஆறு தோட்டா

அவசரகாலச் சட்ட விதிகள் 1948இலேயே, உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துவதற்கு மரண தண்டனை விதித்தன. தோட்டா வைத்திருப்பதற்கும் அதே தண்டனை. குற்றம் உறுதியானால் நீதிபதிக்கு வேறு தண்டனை தர வழியில்லை.

எஸ்.ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். இளமையிலேயே மலாயா வந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். பல இனத் தொழிலாளரையும் ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்த அமைப்பு அது. 1948இல் அச்சம்மேளனம் தடைக்குள்ளானது. 1949 மார்ச் மாதத் தொடக்கத்தில், ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கணபதி கைது செய்யப்பட்டார். அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு. வழியில் கண்டெடுத்த துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்று அவர் தரப்பினர் கூறினர். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே மாதத்தில் மரண தண்டனை தீர்ப்பாயிற்று.

தமிழகம் கொதித்தது. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டிக்கொண்டது. எதுவும் பலிக்கவில்லை. 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்தடுத்த இரு நாள்களில் இரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர்களை மலாயா இழந்தது.

கணபதியின் அரசியலைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். காட்டுக்குள் சென்ற இயக்கம் தோட்டத் தொழிலாளரையும் கொன்றது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. சுடப்படாத ஆறு தோட்டாக்களுக்கு ஓர் உயிர் என்பது எந்தத் தராசின் கணக்கு?

பத்துத் தோட்டா

இன்னொரு தமிழரின் வழக்கு, கணபதியின் வழக்கைப் போல் நம் மேடைகளில் பேசப்படுவதில்லை. சட்டக் கல்லூரிகளில் மட்டும் வாழ்கிறது. அவர் பெயர் சம்பாசிவம்.

1948இல் ஜொகூரில் பிடிபட்ட அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ஒன்று, ரிவால்வர் ஏந்தியது, மற்றொன்று, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது. இரண்டில் எது உறுதியானாலும் தூக்குத்தான். அக்கால வழக்கப்படி நீதிபதியுடன் இரு துணையாளர்கள் அமர்ந்து விசாரித்தனர். அவ்விருவரும் இரண்டு குற்றமும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். நீதிபதி தோட்டா வழக்கில் மட்டும் அதை ஏற்று விடுதலை செய்தார். துப்பாக்கி வழக்கில் ஏற்காமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். மறுவிசாரணையில், துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்தன என்று அவர் சொன்னதாக ஒரு வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. சம்பாசிவத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அந்த உயர் மன்றம் தண்டனையை நீக்கியது. அதன் காரணம் எளியது, ஆழமானது. தோட்டா வைத்திருந்த குற்றத்திலிருந்து ஒருவர் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டார். அத்தீர்ப்பு, அவரை மீண்டும் அதே குற்றத்துக்கு விசாரிக்கக் கூடாது என்பதோடு முடிவதில்லை. பின்வரும் எந்த விசாரணையிலும் அரசுத் தரப்பு அவ்விடுதலையை முழு உண்மையாக ஏற்றே நடக்கவேண்டும். தோட்டாவும் வைத்திருந்தார் என்று கூறும் வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பயன்படுத்தியபோது, அவர் அதிலிருந்து விடுதலையானவர் என்பதைப் புதிய துணையாளர்களிடம் எடுத்துரைக்காதது பெருங்குறை என மன்றம் கண்டது.

பத்துத் தோட்டாக்களைப் பற்றிய அந்தத் தனி விடுதலையே சம்பாசிவத்தின் கழுத்தைக் கயிற்றிலிருந்து காத்தது. அவர் வழக்கில் பிறந்த நெறி அவரோடு நிற்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1956இல் பிரீதம் சிங் வழக்கில் அதைப் பின்பற்றியது. மலாயாவில் ஒரு தமிழரின் உயிருக்காக வாதாடிப் பெற்ற நெறி, பல நாடுகளின் நீதிமன்றங்களில் எடுத்தாளப்பட்டுள்ளது.

கணபதிக்கு ஆறு, சம்பாசிவத்துக்குப் பத்து. ஆறு உள்ளவர் இறந்தார். பத்து உள்ளவர் பிழைத்தார். தோட்டாக்களின் எண்ணிக்கை இங்கு எதையும் முடிவு செய்யவில்லை. மீண்டும் ஒருமுறை பொறுமையாக நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருவருக்குப் பலனளித்தது. மற்றவருக்கு மார்ச்சில் கைது, மே மாதத்தில் தூக்கு.

துப்பாக்கி உருளைக்குச் சொன்னது சட்டத்துக்கும் பொருந்தும் என்று நான் கருதுகிறேன். அச்சம் மிகுந்த காலத்தில் ஆட்சியாளர் சட்டத்தில் முழு மருந்தையும் நிரப்பினர். அதைத் தாங்கும் தடித்த சுவராக இருக்கவேண்டியது முறையான விசாரணை. அச்சுவர் மெலிந்த இடங்களில் உயிர்கள் சிதறின. அவசரகாலத்தில் 200க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் எத்தனை பேருக்குச் சம்பாசிவத்தைப் போல் இரண்டாம் நிறுவை கிடைத்திருக்கும்?

இன்றைய சட்டம்

அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. 'பாதுகாப்புப் பகுதி' என அறிவிக்கப்பட்ட இடங்களில் துப்பாக்கியோ தோட்டாவோ உரிமமின்றி வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்பதை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் தொடர்ந்தது. 2012இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் சுடுகலன் கடுந்தண்டனைச் சட்டம், குற்றச் செயலின்போது கொல்லும் நோக்குடன் சுடுபவர்க்குக் கட்டாய மரண தண்டனை விதித்திருந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை 4 முதல், கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனையா, நெடுஞ்சிறையும் பிரம்படியுமா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பு நீதிபதியிடம் திரும்பியது. 1948இல் பறிபோன நிறுவைக் கோல், 75 ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தின் கைக்கு வந்தது எனலாம்.

மாணவனின் கேள்விக்கு விடை இதுதான்: அந்தக் கூடு மேக்னத்துக்கு உரியதன்று. மேலும், நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கடுங்குற்றம். தோட்டா தயாரிப்பதும் அவ்வாறே. வேறு நாட்டுப் படங்களில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அமர்ந்து தோட்டா கட்டுவதைப் பிள்ளைகள் பார்த்தால், அது அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதைப் பெற்றோர் எடுத்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மண் சரியும் நம் மலையில் பிள்ளைகள் பழைய தோட்டாவைக் கண்டெடுப்பது நடக்கக்கூடியதே. வாயில் குண்டு அடைத்திருந்தால் அது சுடப்படாத தோட்டா. எத்தனை ஆண்டு பழையதானாலும் அதன் பற்றுமூடி உயிரோடு இருக்கலாம். தட்டக் கூடாது, சுரண்டக் கூடாது, நெருப்பருகே கொண்டு செல்லக் கூடாது. எடுக்காமலேயே இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிலையத்துக்குச் சென்ற அன்று

வெறுங்கூடுதான் என்றாலும், தலைமையாசிரியரிடம் காட்டிவிட்டு, அன்று பிற்பகல் அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றேன். பள்ளியிலிருந்து நடந்தே போகும் தொலைவுதான். பையில் இருந்தது சில கிராம் பித்தளை. ஆயினும் வழியெல்லாம் கை அடிக்கடி அப்பையைத் தொட்டுப் பார்த்தது. வழியில் யாரேனும் நிறுத்தி, "பையில் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? கண்டெடுத்தேன், ஒப்படைக்கப் போகிறேன் என்றுதான் சொல்வேன். அதே சொற்கள் 1949இல் ஒருவருக்காகச் சொல்லப்பட்டன, நம்பப்படவில்லை.

நிலையத்தில் இருந்த இளம் அதிகாரி கூட்டை உருட்டிப் பார்த்தார். பழைய காலத்துப் பொருள், எங்கே கிடைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நன்றி கூறினார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். என் சொல்லை அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எத்துணை பெரிய செல்வம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் மாணவன் ஓடி வந்து கேட்டான். "கூட்டத் திருப்பித் தரலயாங்கையா?"

"தரமாட்டார்கள். ஆனால் அதன் கதை நம்மிடம்தான் இருக்கிறது. உட்கார், சொல்கிறேன்," என்றேன். கணபதியின் பெயரையும் சம்பாசிவத்தின் பெயரையும் அவன் தன் ஏட்டில் எழுதிக்கொண்டான். பிழையில்லாமல் எழுதியிருந்தான்.

உங்கள் தோட்டத்திலும் பள்ளியிலும் அக்காலத்தை அறிந்த மூத்தோர் இருந்தால், பிள்ளைகளை அவர்களருகே அமரவையுங்கள். மண் காட்டிக் கொடுப்பது கூட்டை மட்டும்தான். உள்ளே இருந்ததை மனிதர்தான் சொல்லவேண்டும்.